அன்ரனெற்றின் எம்.ஏ.யும் நான் பறித்த தேத்தண்ணியும்

வோபர்ன்,
9.12.96

இயேசு மரி சூசை துணை.

அன்புள்ள தம்பி அன்புராசாவுக்கு அக்கா மரியம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் என் முழங்காலைத் தவிர இங்கு எல்லாரும் சுகம். உன் சுகத்தையும் அதற்குப் பிறகு உன் மனைவியின் சுகத்தையும் விசாரிக்கிறேன். உன் யூனியன்வில் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தால் அவ உள் அறையில் மற்ற ரெலிபோனைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருப்பா. அதனால்தான் முத்திரை ஒட்டி அனுப்புகிறேன்.

பேத்தி அன்ரனெற் யூனிவேர்சிற்றியில் பொருளாதாரம் எம்.ஏ. படிக்கிறாள் என்று கோயிலில் நான் சொல்லாத ஆள் இல்லை. அதென்ன படிப்பு என்று ஒருவரும் திருப்பிக் கேட்காதது கர்த்தர் செய்த உபகாரம், எனக்கே தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடக்கின்றன. எட்டுப் பாடம் எடுக்க வேண்டுமாம், அதில் ஒன்றுக்கு இரண்டு பேர் சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டுமாம், அது தவறினால் பட்டம் இல்லையாம். இவ்வளவுதான் எனக்கு விளங்கியது. அந்த இரண்டாவது ஆள் போன மாதம் வீட்டுக்கு வந்தான். பெயர் கிருபன். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்த பிள்ளை. நானும் தேத்தண்ணி ஊற்றி நீட்டியபடியே, எங்கள் ஆட்கள் எல்லாரும் கேட்பதைக் கேட்டேன்.

"தம்பி எந்த ஊர்?"

"இளவாலை, அம்மம்மா."

"ஆரின்ரை பேரன்?"

"மரியரட்ணத்தாரின்ரை."

அவன் கை கோப்பைக்கு வரமுன்னம் என் கை திரும்பிவிட்டது தம்பி. மரியரட்ணம்! ஐம்பத்தோராம் ஆண்டு என் கலியாணத்துக்கு ஒஸ்ரின் கார் தாறன் என்று சொல்லிவிட்டு விடியக் கையை விரித்தவன். வெள்ளைச் சேலையோடு நான் மாட்டுவண்டிலில் கோயிலுக்குப் போனேன், இடதுபக்க மாடு வழிநெடுகச் சாணி போட்டது, நீ முன்னுக்கிருந்து சிரித்தாய், அதையும் நான் மறக்கவில்லை. கோப்பையைக் குசினிக்குக் கொண்டுபோய், அவன் பார்க்கத்தக்கதாக நானே குடித்தேன். பிள்ளை பாவம், சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அன்ரனெற் துள்ளினாள். "அம்மம்மா, ஆர் யூ சீரியஸ்? அவன் இல்லாட்டிப் பேப்பர் இல்லை, பேப்பர் இல்லாட்டி எம்.ஏ. இல்லை!"

"மாட்டுவண்டில்லை போனது நான்."

"அது நைன்ரீன் ஃபிஃப்ரி வன்!"

அதோடு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் தாய், என் மகளோ, இரண்டு இடத்தில் வேலைசெய்து அவளைப் படிப்பிக்கிறாள். மகள் என்னைப் பார்த்த பார்வையில் சோற்றுக் கோப்பையை அப்படியே மூடிவைத்தேன். எனக்குக் கோபம் வைக்க மட்டும்தான் தெரியும், கட்டுரை எழுதத் தெரியாதே என்று அப்போதுதான் உறைத்தது.

ஆகவே நேற்றுப் பூசை முடிய, கேக் ஒன்றையும் தூக்கிக்கொண்டு மரியரட்ணத்தார் குடியிருக்கும் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிக்குப் போனேன். லிஃப்ற் பழுதென்றால் திரும்பிவிடலாம் என்று மாதாவை மன்றாடினேன். அன்றைக்கென்று அது ஓடியது. கதவைத் திறந்த மனிசனுக்குப் பல்லும் இல்லை, காதும் இல்லை. இத்தனை வருடம் மனப்பாடம் செய்து வைத்ததை மூன்று தரம் கத்த வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"காரோ? அது என்ரை காரே இல்லைப் பிள்ளை! மச்சான்ரை. பெருமைக்குத் தாறன் எண்டு சொல்லிப்போட்டன், அவன் கார்த் திறப்பைத் தரேல்லை. அவன் செத்தும் கனகாலம்."

இனி நான் யாரோடு கோபிப்பது? என் வாயாலேயே மன்னிப்புக் கேட்டேன் தம்பி. பேரனை அனுப்பிவிடுங்கோ என்று கெஞ்சினேன். அவர் தந்த தேத்தண்ணியையும் குடித்தேன். ஆனபடியால் நீயும் பழசை மறந்து, நத்தார்ப் பண்டிகைக்கு அவர்களை உன் வீட்டுக்கு அழைக்க வேண்டும். உனக்கும் பிள்ளைகளுக்கும் மாதாவின் ஆசீர் நிறைய உண்டாகட்டும். மிஞ்சினால் உன் மனைவிக்கும்.

இப்படிக்கு,
அக்கா மரியம்மா

பி.கு.: கடித உறையை ஒட்டப்போகும் நேரம் அன்ரனெற் வந்து விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவளும் கிருபனும் கட்டுரை வேலையை ஒருநாளும் நிறுத்தவே இல்லையாம். யூனிவேர்சிற்றி நூலகத்தில் இருந்து எழுதி, கட்டுரையைப் போன வெள்ளியே கொடுத்துவிட்டார்களாம். அப்ப நான் கேட்ட மன்னிப்பு என்ன கணக்கு என்று கேட்டேன். "போன செலவு போனதுதான் அம்மம்மா, திருப்பி எடுக்கேலாது. பழசை வைச்சு இனி ஒரு முடிவும் எடுக்கக்கூடாது. எங்களுக்கு முதல் படிப்பிக்கிறதே அதுதான்" என்கிறாள். பழசை வைக்காமல் மனிசர் வேறு எதை வைத்து முடிவெடுப்பது? நல்லகாலம், என்னை மூன்றாம் வகுப்போடு மறித்துவிட்டார்கள். நத்தாருக்கு மரியரட்ணத்தார் ஆட்களை அழைக்காதே.