பெய்யாத மழைக்கு நானே பொறுப்பு

வெள்ளப் பதிவுகளைப் பேணும் மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களே,

கிள்ளானில் ஒருமுறை பெய்யாத கனமழை ஒன்றுக்கு நான் ஒருவனே பொறுப்பு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அந்த மழையில் ஒரு துளிகூட வானத்திலிருந்து இறங்கவில்லை. அனைத்தும் எங்கள் சமையலறை வடிகட்டிக் குழாயிலிருந்து வந்தது. இருப்பினும் அது ஓர் ஏரியின் மீது பழி சுமத்தியது. ஒரு தாமானையே உறக்கமிழக்கச் செய்தது.

தாமான் என்று நாங்கள் சொல்லும் எங்கள் குடியிருப்பு தாழ்வான நிலத்தில் உள்ளது. பின்புறத்தில் வெள்ளநீரைத் தேக்குவதற்கான ஏரி ஒன்று உண்டு. அந்த ஏரி இருமுறை எங்கள் வீடுகளுக்கு விருந்தாளியாக வந்திருக்கிறது. (சொல்லிக்கொள்ளாமல் வந்தது. வந்ததும் நேராக சோபாவில்தான் உட்கார்ந்தது.) அதன் பிறகு வானம் இருண்டாலே ஒவ்வொரு வீட்டிலும் குளிர்பெட்டியைச் செங்கல் மீது ஏற்றுவது வழக்கமாயிற்று.

அவ்வேளையில்தான் பூச்சோங்கிலிருந்து ஷாலினி என்னும் ஆராய்ச்சி மாணவி வந்தார். இங்கே எவ்வளவு மழை பெய்தால் ஏரி எவ்வளவு உயர்கிறது, நிலம் எவ்வளவு குடிக்கிறது என்பதைக் கண்டறிவதே அவரது ஆய்வு. அது நிறைவேறினால், ஏரி எந்த மட்டத்தை எட்டும்போது அபாயச் சைரன் ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்து, அடுத்த மழைக்காலத்திற்குள் சைரனைப் பொருத்திவிடுவார்கள். தாமான் மக்கள் அவருக்குத் தேநீர் கொடுத்தார்கள். நான் என் வீட்டு முற்றத்தையே கொடுத்தேன்.

முற்றத்தில் மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் அவர் மழைமானியை நட்டார். முழங்கால் உயர வெள்ளைக் குழாய், மேலே ஒரு புனல், உள்ளே ஒரு போத்தல். மழை பெய்த நாளை நான் நோட்டுப்புத்தகத்தில் குறிக்க வேண்டும். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை அவர் வந்து போத்தலை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்துச் செல்வார். ஏரியின் உயரத்தை அங்குள்ள கருவி தானாகவே பதிவு செய்துவிடும். துறைமுகக் கிடங்கில் நாற்பதாண்டுகள் மூட்டைகளுக்குக் காவலிருந்த எனக்கு, வானத்திற்கே காவலிருக்கும் பதவி கிடைத்ததில் தலை சற்றுக் கனத்துவிட்டது. நோட்டுப்புத்தகத்தின் அட்டையில் "வான்நீர்க் கண்காணிப்பாளர்" என்று எழுதி, அடிக்கோடும் இட்டேன்.

"வானத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கறதுதானே வேல?" என்றார் என் மனைவி பார்வதி. "ரிட்டையர் ஆனதுல இருந்து அதத்தானே செஞ்சிக்கிட்டு இருக்கீங்க."

ஆறு மாதங்கள் குறையின்றிக் கழிந்தன. பிறகு நோட்டுப்புத்தகத்தில் ஒரு வரிகூட எழுத வழியின்றி வறண்ட இரண்டு வாரங்கள் வந்தன. ஷாலினி வரும் நாளன்று காலையில் மழைமானியைத் திறந்து பார்த்தேன். போத்தல் காலி. அடியில் ஓர் எறும்பு மட்டும் உலாவிக்கொண்டிருந்தது. அந்நேரம் கைப்பேசியில் செய்தி: "ஹைவேல ஜேம் அங்கிள். வந்துக்கிட்டே இருக்கேன்."

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைக் கூறியாக வேண்டும். அடுத்த வீட்டுக் காதர் பாய் பெருநாளுக்குப் பிரியாணி அனுப்பினால், அந்தப் பாத்திரம் திரும்பிப் போகும்போது வெறுமையாகப் போகாது. முறுக்கோ வாழைப்பழமோ, ஒன்றுமில்லையென்றால் ஒரு கரண்டிச் சீனியோ அதில் இருக்கும். எங்கள் திருமணம் ஆன நாள் முதல் இந்த வாசலை ஒரு பாத்திரமும் வெறுமையாகக் கடந்ததில்லை.

"பார்வதி, போத்தல்ல ஒண்ணுமே இல்ல. பூச்சோங்ல இருந்து அந்தப் புள்ள ஜேம்ல கெடந்து வருது. வெறும் போத்தலயா குடுத்தனுப்பறது?"

"நல்லா இருக்காது. கொஞ்சம் சீனி போட்டுக் குடுங்க."

நான் இகழ்ச்சியாகச் சிரித்தேன். அறிவியல் ஆய்வில் சீனியா? அவரது அறியாமையை எண்ணி வருந்தியவனாய், அறிவியலுக்கு உகந்த பொருளாகிய தண்ணீரை, அதுவும் வடிகட்டிய நல்ல தண்ணீரை, அரைப் போத்தல் ஊற்றினேன். (சீனியைப் போட்டிருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டு, நான் கௌரவமாகத் தப்பித்திருப்பேன்.)

ஷாலினி வந்து, நீரை அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்த்ததும் கண்களை அகல விரித்தார்.

"அங்கிள், என்னா மழை லா இது? நோட்ல ஒண்ணுமே எழுதலியே. என்னிக்கிப் பெஞ்சது?"

புனலின் வாய் சிறியது. அதில் அரைப் போத்தல் நிறைய வேண்டுமானால் ஊரையே மூழ்கடிக்கும் மழை பெய்திருக்க வேண்டும் என்னும் கணக்கு எனக்கு அப்போது தெரியாது. சாட்சிகள் குறைவாக இருக்கும் நேரமாகத் தேர்ந்தெடுத்துச் சொன்னேன்.

"இன்னிக்குத்தாம்மா. விடியக்கால நாலு மணி. எழுதறதுக்குள்ள நீ வந்துட்ட."

அவர் வெயிலில் காய்ந்து கிடந்த தெருவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பெரியவர் பொய் சொல்லமாட்டார் என்று அந்தப் பிள்ளை முடிவு செய்தது. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் நான் சற்றும் தகுதியற்றது அதுவே.

நான்கு நாள் கழித்து அழைப்பு வந்தது. "அங்கிள், அவ்வளவு மழைக்கு ஏரி ஒரு இஞ்ச்கூட ஏறல. தண்ணி எங்க போச்சுன்னே தெரியல."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. நானோ தொண்டையைச் செருமிக்கொண்டு, "பூமி குடிச்சிருக்கும்மா," என்றேன்.

மறுமுனையில் தாள் புரளும் ஓசை. பிறகு எழுதும் சத்தம்.

அக்கம்பக்கத்துக் காதில் விழுந்த அந்த ஒரு வாக்கியம் தாமானுக்குள் நடந்து செல்லச் செல்ல வளர்ந்தது. கீழே பெரிய பள்ளம் இருக்கிறதாம், தண்ணீரெல்லாம் அதற்குள் போகிறதாம், வீடுகள் எந்நேரமும் இறங்கிவிடுமாம். என்னிடமே வந்து ஒருவர் இதை இரகசியமாகச் சொன்னார். நான் கவலையோடு தலையசைத்தேன். உணவகம் நடத்தும் காதர் பாய், ஆட்டிறைச்சி வைத்திருந்த பெரிய உறைபெட்டியை லோரியில் ஏற்றி, செராஸில் உள்ள மைத்துனர் வீட்டில் கொண்டுபோய் வைத்தார்.

அடுத்த ஞாயிறு காலை, பொதுமண்டபத்தில் கூட்டம். ஷாலினியின் பேராசிரியர் வந்திருந்தார், அமைதியான மலாய்க்காரர். எனக்கு மேடையில் நாற்காலி, முன்னால் மலர்க்கொத்து. அந்த மழையைப் பற்றிச் சொல்லுமாறு பேராசிரியர் கேட்டதும், இடி எத்திசையில் இடித்தது, மின்னல் எவ்வாறு வளைந்தது என்றெல்லாம் மலாயில் விரிவாக வருணித்தேன். கூரைத்தகரம் அதிர்ந்ததாகவும் சொன்னேன். எங்கள் வீட்டுக் கூரையோ ஓட்டுக் கூரை.

காதர் பாய் எழுந்தார். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. நாலு மணிக்கு நான் ரொட்டிக்கு மாவு பெசைய கடைக்குப் போற நேரம். அன்னிக்கும் போனேன். ரோடு காஞ்சி கெடந்துச்சே."

"மழை உங்கள் வீட்டு வேலி வரை வந்து நின்றுவிட்டது, பாய்," என்றேன்.

"ஆங், அப்ப நான் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்ததால தப்பிச்சேன்," என்றார் அவர். மண்டபம் சிரித்தது.

பேராசிரியர் சிரிக்கவில்லை. ஏரிக் கருவிதான் பழுதாகியிருக்க வேண்டும், எனவே ஆறு மாத ஏரிப் பதிவுகளையும் நீக்கிவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும் என்றார். அப்படியானால் சைரன்? அடுத்த மழைக்காலத்திற்குள் முடியாது என்றார். ஷாலினி மடிக்கணினியை மூடினார். மூடிய பிறகும் அதன்மேல் கையை வைத்தபடியே இருந்தார். எனக்கு அந்த நாற்காலி முள்ளாய்க் குத்தியது.

எழுந்தேன். உண்மையைச் சொல்லத்தான் எழுந்தேன். வாயிலிருந்து வந்ததோ என் மேடைத் தமிழ்.

"அவையோரே, கொள்கலத்தின் வெறுமை கண்டு உளம் வெதும்பிய அடியேன், மனைப்புனலால் அதன் வயிறு நிரப்பிடத் துணிந்தேன்."

கைதட்டினார்கள். கவிதை என்று நினைத்துவிட்டார்கள்.

மூன்றாவது வரிசையிலிருந்து பார்வதி எழுந்தார். "யம்மா ஷாலினி, போத்தல் காலியா இருந்துச்சு. வெறும் போத்தலா குடுத்தனுப்பக் கூடாதுன்னு இவரு ஃபில்டர் தண்ணிய ஊத்திட்டாரு. மழையும் இல்ல, பள்ளமும் இல்ல. நான் சீனிதான் போடச் சொன்னேன்."

உடனே காதர் பாயின் குரல் எழுந்தது: "அண்ணே, என் கறிய மச்சான் வீட்டுல முக்காவாசி தின்னுட்டாங்க."

நான் தலைகுனிந்து, இம்முறை எல்லோருக்கும் புரியும்படி, "மன்னிச்சிடும்மா. ஏரி மேல தப்பில்ல, என் மேலதான்," என்றேன். ஷாலினி மடிக்கணினியை மீண்டும் திறந்தார். "அங்கிள், மழை இல்லன்னா அதுவும் எனக்கு வேணும். ஜீரோவும் ஒரு ரீடிங்தான் அங்கிள்," என்றவர், பேராசிரியரிடம் மலாயில் விளக்கினார். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தம் தாயாரும் அடுத்த வீட்டு அடுக்குப் பாத்திரத்தை ஒருநாளும் காலியாகத் திருப்பியதில்லை என்றார். பிறகு பதிவேட்டில் ஒரேயொரு வரியை அடித்தார். மற்றவை தப்பின.

அடுத்த மழைக்காலத்திற்கு முன்பே சைரன் ஏறியது. ஒருமுறை ஒலித்தும் விட்டது. தண்ணீர் வாசலுக்கு வருமுன் குளிர்பெட்டிகள் அனைத்தும் செங்கல்மேல் இருந்தன.

மழைமானிக்கு இப்போது பூட்டு உண்டு. சாவி பார்வதியிடம் இருக்கிறது. என் மகள் வீட்டில் யாராவது காலி டப்பாவைத் திருப்பித் தந்தால், "அப்பாவக் கூப்புடு, மழை பெய்ய வைக்கட்டும்," என்கிறார்கள். மருமகன்கூடச் சொல்கிறார். ஷாலினியின் ஆய்வேடு அச்சாகி எனக்கு ஒரு பிரதி வந்தது. அதன் அடிக்குறிப்பு ஒன்றில், கண்காணிப்பாளரின் விருந்தோம்பல் காரணமாக ஒரு நாள் அளவு நீக்கப்பட்டது என்று இருக்கிறது. அறிவியலுக்கு நான் ஆற்றிய ஒரே பங்களிப்பு அது.

நடந்தவை இவ்வளவே. தாமானின் வெள்ளப் பதிவுகளோடு இந்தக் கணக்கையும் சேர்த்துப் பாதுகாத்து வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.