பல்காரருக்கு அம்மை வந்த நாள்

வாக்கு எண்ணி முடிகிறவரை இந்த வீட்டிலிருந்து ஒருத்தரும் வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது என்று பல்காரர் தீர்மானம் போட்டார். வீட்டில் இருந்ததே இரண்டு பேர். அதில் தீர்மானம் போட்டவர் கணக்கில் சேர மாட்டார். ஆக, ஒருத்தர் என்பது அவருடைய மனைவி.

பல்காரர் என்றால் பல் பிடுங்குகிறவர் இல்லை. பிடுங்கின இடத்தை நிரப்புகிறவர். டாக்டர்கள் வாய் அளவு எடுத்து அச்சு அனுப்புவார்கள். இவர் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து மெழுகில் பல்லை வரிசை கட்டி, பல்செட்டாக்கி, பாலிஷ் போட்டுத் திருப்பி அனுப்புவார். தெருவில் பாதிப் பேர் சிரிக்கிற சிரிப்பு இவர் கைவேலை. இந்தத் தேர்தல் வந்த பிறகு அந்தச் சிரிப்பில் ஒன்றுகூட இவர் பக்கம் திரும்பவில்லை.

நாட்டில் இரண்டே கட்சி நின்றது. ஒன்று குடை, ஒன்று சாவி. இவர் சாவி. அதை மனதோடு வைத்திருந்தால் வம்பில்லை. எதிர்க்கடைத் தையல்காரர் குடை என்று தெரிந்ததும், இருபது வருஷமாக அவரோடு சாயங்காலம் குடித்துவந்த டீயை ஒரே நாளில் நிறுத்தினார். சொந்தக்காரர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் நான்கு பக்கத்துக்கு வாதம் எழுதி, கடைசியில் 'இனி உங்களோடு பேச்சில்லை' என்று போட்டுவிட்டு வெளியேறினார். யாராவது சமாதானம் சொல்லித் திரும்பச் சேர்ப்பார்கள் என்று மூன்று நாள் போனைக் கையிலேயே வைத்திருந்தார். ஒருவரும் சேர்க்கவில்லை. அவர் போனதையே பலர் கவனிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

மிஞ்சியது மனைவி. பள்ளிக்கூட ஆசிரியை, ஊருக்கே டீச்சர். அவள் யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. ஜாடையாகக் கேட்டார், கோபமாகக் கேட்டார், தூக்கக் கலக்கத்தில்கூடக் கேட்டுப் பார்த்தார். "ரகசிய வாக்கெடுப்புங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவளுக்கு எண்ணிக்கை வேலை போட்டிருந்தார்கள். தலைநகரத்தில் டயர் எரிகிறது, கடைகளுக்குப் பலகை அடிக்கிறார்கள், தோற்கிற கட்சி முடிவை ஏற்காது என்று செய்தி மேல் செய்தி வந்தது. அவளைப் போகவிடக் கூடாது என்று பல்காரர் முடிவெடுத்தார். அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ற பயம் முக்கால் பங்கு. மீதிக் கால் பங்கை அவர் தனக்கே ஒப்புக்கொள்ளவில்லை. எண்ணிக்கை நாள் முழுவதும் அந்த வீட்டில் தனியாக உட்கார அவருக்குத் தெம்பில்லை.

ஆனால் அவர் மட்டும் நடுப்பகலில் ஒரு மணி நேரம் வெளியே போவதாக இருந்தார். நாற்சந்தியிலிருந்து ஊர்வலம், பதாகை பிடிக்க வர வேண்டும் என்று கட்சிச் செயலாளர் நேரில் வந்து சொல்லியிருந்தார். வீடு தேடி வந்து பேசுகிறவரே அந்த ஒரு மனிதர்தான். அவரிடம் எப்படி மாட்டேன் என்பது?

முதல் நாள் மாலை, மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து, தேர்தல் அதிகாரிக்குப் போன் போட்டார். டீச்சருக்கு அம்மை போட்டிருக்கிறது, நாளைக்கு வர இயலாது என்றார். எங்கெங்கே போட்டிருக்கிறது என்று அதிகாரி கேட்டார். முகம் முழுக்க, ஒரு பொட்டு வைக்க இடமில்லை என்று பல்காரர் அளந்துவிட்டார். பாவம், பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்று அதிகாரி உருகினார்.

இரவுச் சாப்பாட்டின்போது, உனக்கு வேலை ரத்தாம், ஆள் கூடிவிட்டதாம், ஆபீஸிலிருந்து சொன்னார்கள் என்று மனைவியிடம் அவிழ்த்துவிட்டார். அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் குழம்பை ஊற்றிக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சு. ஒரு வாரமா நின்னு நின்னு கால் வீங்கிக் கிடக்கு. நாளைக்கு உள்ரூம்ல கதவைச் சாத்திட்டு நாள் பூரா தூங்கப் போறேன். தட்டக்கூட வேண்டாம்."

இவ்வளவு சுலபத்தில் ஒரு காரியம் அவருக்கு முடிந்ததே இல்லை. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

காலையில் ஏழு மணிக்கு எழுந்தார். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ரேடியோ தணிந்த குரலில் பாடிக்கொண்டிருந்தது. டீ போட்டு, ஒரு டம்ளரைக் கதவோரம் வைத்தார். அவள் தூக்கம் கெடக் கூடாதென்று பாலிஷ் மோட்டாரைப் போடவில்லை. டிவியில் சத்தத்தை முழுக்க எடுத்துவிட்டார். திரையில் ஆட்கள் வாயை வாயை அசைத்தார்கள். இருபத்தெட்டு வருஷம் பல்லோடு பழகியவருக்கு எது சொந்தப் பல், எது கட்டின பல் என்பது மட்டும் தெரிந்தது. யார் முன்னணி என்று தெரியவில்லை.

பத்து மணிக்குக் கதவோர டீயில் ஆடை படிந்திருந்தது. தெருவில் ஒரு சைக்கிள்கூடப் போகவில்லை. அந்த அமைதி அவரைத் தின்றது. மெல்ல உள்ளறைக் கதவின் முன்னே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

தட்டவில்லை. பேசினார். முழித்திருந்தால் கேள் என்று ஆரம்பித்தார். அம்மை என்று பொய் சொன்னதைச் சொன்னார். கோபப்படாதே, எனக்குப் பேச வேறு ஆளில்லை என்றார். பிறகு, மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த ஒன்றையும் சொன்னார். குடைக் கட்சிப் பேச்சாளர் ஒருவருக்கு மேல்வரிசைப் பல்செட் செய்து முடித்து அலமாரியில் வைத்திருந்தார். முடிவு வரும்வரை அந்த வாய்க்குப் பல் போகக் கூடாது என்று சாவிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். இவரும் பிளாஸ்டர் வரவில்லை, மெழுகு வரவில்லை என்று டாக்டருக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்த மனுஷன் மூணு வாரமா கஞ்சிதாம்மா குடிக்கிறார். அவர் பேச்சு எனக்குப் பிடிக்காது. ஆனா பசிச்ச வாய் எந்தக் கட்சி? நான் இப்படி இருந்தவனில்லையே. நீயாவது சொல்லு."

உள்ளே ரேடியோவில் விளம்பரம் போயிற்று. சொல்ல மாட்டாளா என்று அவர் காத்திருந்தார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைத்துக்கொண்டே தற்செயலாக டிவியைப் பார்த்தார்.

எண்ணும் கூடம். நீள மேசை. மேசையின் கோடியில் ஓர் அம்மாள் விரலை நனைத்து நனைத்துச் சீட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பழுப்புச் சேலை. மூக்குக் கண்ணாடி நழுவும்போது மணிக்கட்டால் மேலே தள்ளுகிற அதே தள்ளல்.

பல்காரர் கதவைத் தள்ளினார். அதில் தாழ்கூடப் போட்டிருக்கவில்லை. கட்டிலில் இரண்டு தலையணை போர்வைக்குள் படுத்திருந்தன. அரை மணி நேரமாக அவர் மனம் திறந்தது அவற்றிடம்தான்.

வாசலுக்கு ஓடினார். அங்கேதான் நிஜமான பூட்டு இருந்தது, வெளிப்பக்கம். சாவிக் கட்சிக்காரர் சாவியில்லாமல் நின்றார்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், செயலாளரும் நாலைந்து பேரும் நாற்சந்திப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டார். அவர்கள் அவரைக் கண்டதும் எதிர்ச்சாரிக்குத் தாவினார்கள். செயலாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கிட்ட வர வேண்டாம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், பதாகைக்கு வேறு ஆள் வைத்தாயிற்று என்று தூரத்திலிருந்தே சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். என்ன உடம்பு என்று இவர் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

கம்பியைப் பிடித்தபடியே வெகுநேரம் நின்றார். கட்சிக்கும் வேண்டாதவராகிவிட்டோம் என்று தோன்றியது.

அரை மணி கழித்து நாற்சந்திப் பக்கம் கண்ணாடி நொறுங்கும் சத்தம். பிறகு புகை. பிறகு ஓட்டம். போனவர்கள் எல்லாரும் திரும்பி ஓடிவந்தார்கள். சிலர் காலில் செருப்பில்லை. செயலாளரின் கைக்குட்டை இப்போது நெற்றியில் இருந்தது, சிவப்பாக. பதாகை பிடித்த அந்த வேறு ஆளைப் பின்னால் இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள்.  பல்காரர் ஜன்னலுக்குக் கீழே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

தெரு அடங்கினதும் ஜன்னலில் ஒரு நிழல் விழுந்தது. தையல்காரர். கழுத்தில் அளவு நாடா, கையில் சாப்பாட்டுத் தூக்கு.

"டீச்சர் சாவியை என்கிட்டதான் குடுத்துட்டுப் போனாங்க. சந்தடி ஓஞ்ச பிறகு திறந்து சோறு குடுங்கன்னாங்க."

"உள்ள வராதீங்க. எனக்கு என்னமோ வியாதின்னு ஊரே ஓடுது."

"அம்மைதானே? எனக்குச் சின்ன வயசுலயே வந்துடுச்சு. இன்னொரு தடவை வராதாம். வந்தாலும் போகட்டும்."

பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். அம்மையாவது ஒன்றாவது என்று பல்காரர் ஒப்புக்கொள்ள, தையல்காரர் அவர் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு தட்டு எடுத்து வைத்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குடையைப் பற்றியோ சாவியைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. நாற்சந்தியில் யாருக்கு அடி என்று ஒருவர் கேட்டார், தெரியவில்லை என்று மற்றவர் சொன்னார். அவ்வளவுதான் அரசியல்.

கைகழுவிவிட்டு வந்த பல்காரர் அலமாரியைத் திறந்து பல்செட் பெட்டியை எடுத்து நீட்டினார். பேச்சாளர் வீடு உங்களுக்குத் தெரியுமல்லவா என்றார். தெரியும் என்ற தையல்காரர், அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு கிளம்பினார். வாசலைப் பூட்டவும் மறக்கவில்லை. டீச்சர் சொல்லியிருந்தாளாம்.

மனைவி சாயங்காலம் ஏழு மணிக்கு, தையல்காரரிடம் சாவியை வாங்கித் திறந்துகொண்டு வந்தாள். செருப்பை உதறிவிட்டு, நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். பல்காரர் காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த கோபம் அவள் பாதத்தின் வீக்கத்தைப் பார்த்ததும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஆனாலும், என் பொய் உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

"அந்த அதிகாரி என்கிட்ட ஏழாம் வகுப்பு படிச்ச பையன்தாங்க. நீங்க போனை வச்ச மறுநிமிஷம் என்னைக் கூப்பிட்டான். எனக்கில்லப்பா, எங்க வீட்டுக்காரருக்கு, பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டார்ன்னேன். விடியறதுக்கு முன்னாடி போற வழியில உங்க கட்சி ஆபீஸ் வாட்ச்மேன்கிட்டயும் சொல்லிட்டுப் போனேன்."

"எதுக்கு?"

"நீங்க என்னை நினைச்சுப் பயந்தீங்க. நான் உங்களை நினைச்சுப் பயந்தேன். நாற்சந்தியில அடிதடி ஆகும்னு நேத்தே போலீஸ்காரங்க எங்ககிட்டச் சொல்லிட்டாங்க. போகாதீங்கன்னா கேக்கற ஆளா நீங்க?"

பல்காரர் அடுப்படிக்குப் போனார். வெந்நீர் வைத்து, பாத்திரத்தில் ஊற்றி, அவள் காலடியில் கொண்டுவந்து வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு காலை உள்ளே விட்டாள். அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்டார். சொல்லக் கூடாது என்றாள். சரி, நாட்டு முடிவு வேண்டாம், நீ யாருக்குப் போட்டாய் என்றாவது சொல் என்றார். அதற்குள் அவள் குறட்டை விட ஆரம்பித்திருந்தாள். அவர் எழுந்துபோய் ஒரு தலையணை எடுத்துவந்து அவள் கழுத்துக்கு அண்டை கொடுத்தார். அரைத் தூக்கத்தில் அவள் வாய் திறந்தாள்.

"என்னங்க, இன்னும் பாதிகூட எண்ணி முடியல. காலையில அஞ்சு மணிக்கு எழுப்பி விட்டுடுங்க."

நாலே முக்காலுக்கே எழுப்பினார். டீயும் அவரே போட்டார்.