வியாழக்கிழமைகளில் சாகும் வாத்தியார்

பினாங்குத் தீவில் அவரைப் போல அத்தனை தடவை செத்தவர் வேறு யாரும் கிடையாது. வாராவாரம் வியாழக்கிழமை மாலை, டத்தோ கெராமாட் பக்கம் இருந்த எங்கள் சமூக மண்டபத்தில், பாயை விரித்துச் சாவார். அந்தச் சாவிலும் ஓர் ஒழுங்கு உண்டு. சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைப்பார். தலை எண்ணெய் பாயில் படாமல் கைக்குட்டை விரிப்பார். பிறகுதான் உயிரை விடுவார். 'செத்த வாத்தியார்' என்று பெயர் வைக்காமல் வேறு என்ன செய்வோம்?

எண்பதுகளின் தொடக்கம் அது. வேலைக்குப் போகிறவர்களுக்காக மண்டபத்துச் செயற்குழு இரண்டு மாலை வகுப்புகள் நடத்தியது. ஒன்று ஆங்கிலம், இன்னொன்று முதலுதவி. இரண்டு வாத்தியார் வைக்க அந்தக் கஞ்சர்களுக்கு மனசு வரவில்லை. ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர், காயத்துக்குக் கட்டும் போடுவார், இங்கிலீஷும் பேசுவார் என்று இவரைப் பிடித்துப் போட்டார்கள். அவரோ இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து எங்கள் தலையில் கொட்டினார். நோயாளியிடம் இங்கிலீஷில்தான் பேச வேண்டும். ரத்தம் ஓடினால் ஓடட்டும், முதலில் குட் ஈவினிங். பிறகு நம் பெயர். பிறகு தொடலாமா என்று அனுமதி.

நோயாளி எப்போதும் அவர்தான். எங்களில் யாருக்கும் ஒழுங்காகச் சாகத் தெரியாது என்பது அவர் கட்சி. மாரடைப்பு, பாம்புக்கடி எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒருமுறை பட்டர்வொர்த் பெர்ரியிலிருந்து கடலில் விழுந்தவராக நடித்தார். அதற்கு வாளித் தண்ணீரைத் தம்மேல் ஊற்றச் சொன்னார். நாங்களும் ஆசை தீர ஊற்றினோம்.

அவருக்கு ஆகாத சங்கதி ஒன்றே ஒன்று. இந்த ஊர்ப் பேச்சில் எதற்கும் வாலாக ஒட்டுகிற 'லா'வை இங்கிலீஷில் யாராவது சேர்த்துவிட்டால் பிணம் எழுந்துவிடும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்த லெட்சுமி அக்கா ஒருநாள் அவர் தோளைத் தட்டி, "சார், ஆர் யூ ஓகேலா?" என்றார்.

செத்தவர் சடாரென்று எழுந்து உட்கார்ந்தார். "நோ லா! நோ லா இன் மை கிளாஸ்!"

"செத்தவரு எப்படி சார் பேசுவாரு?" என்றார் அக்கா.

தமிழில் கேட்டதற்குத் தனியாக ஒரு பாட்டம் திட்டு விழுந்தது. அவர் எங்களிடம் ஒரு தமிழ் வார்த்தை பேசியதில்லை. பாசாரில் பார்த்தால்கூட, கையில் முருங்கைக்காயை வைத்துக்கொண்டு குட் மார்னிங் சொல்வார். பெரிய துரை! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கப்பல் கம்பெனியில் வேலை உயர்வுக்கு இந்த வகுப்புச் சான்றிதழ் வேண்டும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

அப்படி ஒரு வியாழக்கிழமை, தேநீர் நேரத்துக்கு யாரோ சுடச்சுட பிசாங் கோரெங் வாங்கி வந்திருந்தார்கள். வாத்தியார் வாழைப்பழப் பொரியல் ஒன்றை முழுசாக வாயில் திணித்துக்கொண்டே எங்களை இடத்துக்குப் போகச் சொன்னார். அடுத்த நொடி தொண்டையைப் பிடித்தார். கண் பிதுங்கியது. நாற்காலியை உருட்டிவிட்டுப் பாயில் சரிந்தார்.

நாங்கள் என்ன செய்தோம்? கை தட்டினோம்.

"இன்னிக்கு நடிப்பு பிரமாதம்லா!" என்றான் வேன் ஓட்டுகிற சேகர்.

அன்றைக்கு நோயாளிக்கு முதலில் உதவ வேண்டிய முறை என்னுடையது. பக்கத்தில் முட்டி போட்டு, "குட் ஈவினிங் சார். மை நேம் இஸ் பாலன். மே ஐ ஹெல்ப் யூ?" என்றேன். பதில் இல்லை. அனுமதி இல்லாமல் தொடக்கூடாதே! மறுபடி குட் ஈவினிங் சொன்னேன். அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். சட்டை கசங்குகிறதே என்று விடுவித்துக்கொண்டேன்.

லெட்சுமி அக்காவுக்குப் பொறுமை போயிற்று. "சார், கெட் அப்லா! மை பஸ் கோயிங்லா!"

மண்டபமே திட்டுக்காகக் காத்திருந்தது. பிணம் எழவில்லை.

"ஐயையோ, லாவுக்கு எந்திரிக்கல! நெஜமாவே போறாரு! பாலா, தூக்கு!" என்று அலறினார் அக்கா.

தூக்கி உட்காரவைத்துக் குனியப் பிடித்தேன். முதுகில் விழுந்தது பாருங்கள் அடி! அத்தனை நாள் வாங்கிய திட்டுக்கும் சேர்த்து அக்கா கொடுத்தார். "துப்புங்க சார்! துப்புங்கன்னா துப்புங்க!"

வாழைப்பழத் துண்டு தெறித்து விழுந்தது. நீலம் பாய்ந்திருந்த முகத்தில் மெல்ல மெல்ல ரத்தம் திரும்பியது.

சேகரின் வேனில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நடுவில் அவர், எங்கள் இருவர் கையையும் பிடித்தபடி. பாதி வழியில், அவர் வாயில் நாங்கள் கேட்டே இராத யாழ்ப்பாணத் தமிழில், "பிள்ளையள், பயந்து போனீங்களோ?" என்றார்.

அக்கா அழ ஆரம்பித்துவிட்டார். "பின்ன என்னா சார்! கொலநடுங்கிப் போச்சு!"

"நானும் பயந்து போனன். வீட்டில எனக்கு ஒருத்தரும் இல்லை, பிள்ளை. வியாழக்கிழமையிலதான் நாலு பேர் கிட்ட வந்து, உங்களுக்கு என்ன செய்யுது எண்டு கேக்கினம்."

அவர் பிடித்த பிடியில் என் கை மரத்துப்போனது. ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்ற பிறகும் நான் அதை எடுக்கவில்லை.