பாய்லர் பாயும் பன்னிரண்டு பாட்டில் பீட்ரூட்டும்

நெய்வேலியில் பாய்லர் ஓட்டியவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் வீட்டு கேஸ் அடுப்புக்கு லாக் ஷீட் எழுதி, ரிலீவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் ஸ்டூலை விட்டு எழுந்திருப்பேன் என்று உட்கார்ந்தவர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். பார்த்துப் பார்த்து அந்த ஒருவருக்குப் பக்கத்து குவார்ட்டர்ஸை எங்களுக்கு ஒதுக்கினார்கள். இரண்டு தெரு தள்ளிக் கொடுத்திருந்தால் என் இரண்டு காட்டன் புடவைகளாவது பிழைத்திருக்கும்.

அவருக்கு நல்லதாக ஒரு பெயர் இருந்தது. அது ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. பிளாக் முழுக்க அவர் பாய்லர் பாய்தான். அனல்மின் நிலையத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பாய்லர் ஆபரேட்டர். அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஷிஃப்ட் முடிந்துவிட்டது என்பதற்காகக் கிளம்பிவிட முடியாது. அடுத்த ஆள் வரவேண்டும். என்ன ஓடுகிறது, என்ன பாக்கி என்று அவரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் இந்தப் பழக்கத்தை கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வருவார்கள். பாய் அதையும் டிஃபன் பாக்ஸோடு சேர்த்துக் கொண்டுவந்துவிடுவார்.

அவருடைய மகளின் நிக்காஹ் வடலூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பிரியாணிக்கு தம் போட்ட பண்டாரி, "அஞ்சு நிமிஷம் பார்த்துக்குங்க பாய்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். போன இடத்தில் பழைய சிநேகிதர் யாரோ கிடைத்துவிட்டார். இங்கே நிக்காஹ் ஓதும் ஹஜ்ரத் வந்து உட்கார்ந்தாயிற்று, மாப்பிள்ளை வந்தாயிற்று, பெண்ணைப் பெற்ற தகப்பனைக் காணோம். மண்டபமே தேடியது. கடைசியில் பின்கட்டில், புதுச் சட்டையும் அத்தருமாக, பிரியாணி தேக்சா அண்டாவுக்கு எதிரே கைகட்டி நின்றுகொண்டிருந்தார். "ரிலீவர் வரல. எப்படி வுட்டுட்டு வர்றது?" என்று கூப்பிட வந்தவரையே கேட்டார். பண்டாரியை டீக்கடையிலிருந்து இழுத்துவந்து நிறுத்திய பிறகுதான் நிக்காஹ் நடந்தது. பிரியாணி அன்றைக்குப் பிரமாதம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த மனிதரைக் கட்டி மேய்த்தவர் அவர் மனைவி சபியா அக்கா. எங்கள் பிளாக்கின் உப்புக்கு அவர்தான் நீதிபதி. யார் வீட்டில் விசேஷச் சமையல் என்றாலும் ஒரு கரண்டி சபியா அக்காவிடம் போய்விட்டு வரும். நாக்கில் வைத்ததும், "கால் ஸ்பூன் போடுங்க, போதும்" என்பார். கால் ஸ்பூன் போட்டால் போதும். நான் கணக்கு டீச்சர். என் கணக்கில்கூட எப்போதாவது பிழை வரும், அவர் உப்புக் கணக்கில் வந்ததில்லை.

அந்த சபியா அக்காவுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. பாண்டிச்சேரியில் ஆபரேஷன் செய்து, பிறகு கரண்ட் வைத்தார்கள். எங்கள் பக்கம் அந்தக் கதிர் சிகிச்சையை அப்படித்தான் சொல்வோம். கட்டி போய்விட்டது. கூடவே நாக்கின் ருசியும் போய்விட்டது. திரும்பி வரும், ஆனால் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

"முப்பது வருஷமா கரண்ட் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிகினு இருந்தேன் டீச்சர். அது சுத்திகினு வந்து என் வூட்டுக்காரி நாக்குலியே வுழுந்துடுச்சி" என்றார் பாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

சபியா அக்கா சாப்பாட்டை விட்டுவிட்டார். சோறு நனைந்த காகிதம் மாதிரி இருக்கிறது என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார், பாயிடம் சொல்லாதே என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார். மாதம் ஒருமுறை எடை பார்க்கப் போவார்கள். ஒவ்வொரு முறையும் முள் இறங்கியிருக்கும். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் ஆகாரம் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாய் அன்றைக்கு வீட்டுக்கு வந்தார். சைக்கிளைத் துடைத்தார், துடைத்த சைக்கிளையே மறுபடி துடைத்தார்.

ரத்தம் குறைவு, பீட்ரூட் கொடுங்கள் என்று ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். முதலில் புளிப்புதான் தெரிய ஆரம்பிக்கும் என்று ஒரு நர்ஸ் சொல்லியிருந்தார். இந்த இரண்டையும் மண்டையில் போட்டுக்கொண்டு செல்போனைத் தடவிய பாயின் கண்ணில், ஒரு வெள்ளைக்காரம்மா பீட்ரூட்டை வினிகரில் ஊறப்போட்டு, பாட்டிலில் அடைத்து, அந்த பாட்டிலையே கொதிக்கும் தண்ணீரில் முக்கி வைக்கும் வீடியோ பட்டது. தண்ணீர், சூடு, மூடி, பிரஷர். அவருக்கு வேறென்ன வேண்டும்?

மறுநாளே பிரியாணி தேக்சா அடுப்பில் ஏறியது. அடியில் துணி விரித்து, மேலே பன்னிரண்டு கண்ணாடி பாட்டில். வேலை நடக்கும்போது கேஸ் குமிழில் ஓர் அட்டை தொங்கும். 'ஆள் வேலை செய்கிறார், தொடாதே' என்று அதில் எழுதியிருக்கும். சொந்த வீட்டில் டீ போட சபியா அக்கா பெர்மிட் வாங்க வேண்டியிருந்தது. பாட்டிலை வெளியே எடுத்து ஆறவைத்தால், மூடி உள்பக்கமாக இழுத்துக்கொண்டு 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அது வந்தால் உள்ளே காற்றில்லை, மாதக்கணக்கில் கெடாது. பாய் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு 'டக்'காகக் கேட்டு எழுதுவார். ஒன்று வராவிட்டால், "நாலாம் நம்பர் டிரிப் ஆயிடுச்சி" என்று சொந்தக்காரர் தவறிப்போன குரலில் சொல்வார்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போனால் அவர் உள்ளங்கை இரண்டும் மருதாணி வைத்த கல்யாணப் பெண்ணின் கை போல இருக்கும். கேலி செய்தவர்களுக்கெல்லாம் ஒரு பாட்டில் கொடுத்து வாயை அடைத்தார். எனக்கும் கொடுத்தார். பீட்ரூட் எனக்குப் பிறவிப் பகை. அலமாரிக்குள் வைத்த பாட்டில் கவிழ்ந்ததில்தான் முதல் புடவை போனது.

பிரச்சினை என்னவென்றால், அடுப்பு எரியும்போது பாய்க்குத் தொழுகை நேரம் வரும், ஷிஃப்டுக்கு அழைப்பு வரும். ரிலீவர் வேண்டுமே. மாடி வீட்டு தனசேகர் சுரங்கத்தில் வருஷக்கணக்காகக் கான்ட்ராக்டில் இருப்பவன். அவனைத்தான் முதலில் பிடித்தார். "மைன்ஸ்ல பெர்மனென்ட் ஆகல, பாய் வூட்டு அடுப்புலயாவது ஆனேனே" என்று அவன் பிளாக் முழுக்கச் சொல்லித் திரிந்தான். அவன் இல்லாத நேரத்துக்கு நான். இரண்டாவது புடவை அந்த ஸ்டூலில்தான் போனது. மறுக்கலாமே என்று கேட்பீர்கள். நாற்காலியில் மெலிந்துபோய் உட்கார்ந்திருக்கும் சபியா அக்காவைப் பார்த்துக்கொண்டே மறுப்பதற்கு எனக்குத் தெம்பில்லை.

லாக் ஷீட்டில் கடைசிக் கட்டம் 'ருசி'. அது சபியா அக்கா எழுத வேண்டியது. ஒவ்வொரு பேட்ச்சும் ஒரு வாரம் ஊறிய பிறகு திறந்து, இரண்டு துண்டு தின்றுவிட்டு, 'நல்லா இருக்கு' என்று எழுதுவார். முதல் பேட்ச், நல்லா இருக்கு. வினிகர் தூக்கலாகிப்போய் தனசேகர் அரை மணி நேரம் இருமிய மூன்றாவது பேட்ச், நல்லா இருக்கு. ஆறாவதும் நல்லா இருக்கு. எடை மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பாய் சொன்னார்: "டீச்சர், ஒரு மீட்டர் ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி, உசுரோட இருக்குதுன்னு அர்த்தம். எப்பப் பார்த்தாலும் ஒரே ரீடிங் காட்டிகினு இருந்தா மீட்டர் செத்துப்போச்சின்னு அர்த்தம். இவ ஆறு பேட்ச்சா ஒரே ரீடிங் காட்டறா." அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பிறகு ஏன் பாய் இவ்வளவு பாடு என்று கேட்டேன். மீட்டர் வேலை செய்யவில்லை என்பதற்காக பாய்லரை நிறுத்த முடியாது என்றார்.

ஏழாவது பேட்ச் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. பீட்ரூட்டை வேகவைத்து, தோலுரித்து, வில்லை வில்லையாக நறுக்கி பாட்டிலில் அடுக்கியாயிற்று. வினிகரும் சர்க்கரையும் கிராம்பும் அடுப்பில் சூடாகிக்கொண்டிருந்தன. அப்போது பிளான்ட்டிலிருந்து போன். பாய்லரில் டியூப் லீக்காம், உடனே வரச்சொல்லி ஜீப்பே அனுப்பிவிட்டார்கள். தனசேகர் முத்தாண்டிக்குப்பத்துக்கு ஏதோ காதுகுத்துக்குப் போயிருந்தான். பாய் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

நான் பரீட்சை பேப்பர் கட்டோடு உட்கார்ந்திருந்தேன். திருத்தத் திருத்தத் தலைவலி. ஒரு பையன்கூட கேள்வியை முழுசாகப் படித்துவிட்டு விடை எழுதவில்லை என்று எரிச்சல் வேறு. அப்படியே எழுந்து போனேன். பாய் மூச்சுவிடாமல் ஒப்படைத்தார். கொதித்ததும் ஊற்ற வேண்டும், மூடியை அளவாகத் திருக வேண்டும், தேக்சாவில் அரை மணி நேரம். "பாக்கியெல்லாம் ஷீட்ல எழுதியிருக்கேன் டீச்சர். படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க." வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. நான் கையெழுத்துப் போட்டேன். படித்தேனா என்று கேட்காதீர்கள்.

வேலையைச் சுத்தமாக முடித்தேன். பன்னிரண்டு 'டக்'கும் வந்தது. பாய்க்கே அதுவரை பன்னிரண்டு வந்ததில்லை. அந்த வாரம் முழுக்க நான் தரையில் கால் பாவாமல் நடந்தேன். என் வீட்டுக்காரரிடம் எத்தனை தடவை சொன்னேன் என்று அவரைக் கேட்டால்தான் தெரியும்.

அடுத்த ஞாயிறு திறப்பு விழா. பாயின் எட்டாவது பேட்ச் தேக்சாவில் கொதித்துக்கொண்டிருந்தது, அவர் பொறுப்பில். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே என் பாட்டில் ஒன்றைத் திறந்து சபியா அக்காவிடம் நீட்டினார். பன்னிரண்டு 'டக்' வாங்கிய பெருமையில் நானும் பக்கத்திலேயே நின்றேன். அக்கா ஒரு வில்லையை எடுத்து வாயில் போட்டார். மென்றார். முகம் லேசாகச் சுளித்தது. அவர் கை, அது பாட்டுக்கு, அடுப்பு மேடையில் இருந்த உப்பு ஜாடிக்கு நீண்டது. பாதி வழியில் நின்றது.

"என்னங்க, உப்பு போடலியா?"

லாக் ஷீட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். பாயின் குண்டு எழுத்தில் 'உப்பு பாக்கி, மூன்று ஸ்பூன்' என்று இருந்தது. அதற்கு நேர்கீழே என் கையெழுத்து, மார்க் ஷீட்டில் போடுவது போல அழகாக. பிறவிப் பகையை மறந்து ஒரு துண்டை வாயில் போட்டேன். உப்பென்பதே இல்லை.

கையெழுத்தில் தேதி போடவில்லை என்று தனசேகருக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தவர் பாய். இன்றைக்கு நான் தொலைந்தேன் என்று நினைத்து, "தப்பு என்னோடதுதான் பாய்" என்று ஆரம்பித்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"சபியா, இன்னொரு வாட்டி சொல்லு."

"உப்பு இல்லீங்க. புளிக்குது, இனிக்குது, கிராம்பு கூட நாக்குல சுருக்குங்குது. உப்பு மட்டும் இல்ல. சப்புன்னு இருக்கு."

"நெஜமாவா? எனக்காகச் சொல்றியா?"

"உங்களுக்காகச் சொல்றதா இருந்தா நல்லா இருக்குன்னு இல்ல சொல்லுவேன்" என்றார் சபியா அக்கா. ஜாடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அடுத்த துண்டின் மேல் தூவி வாயில் போட்டார். அதற்கடுத்ததை யாரும் நீட்டாமலே எடுத்தார்.

பாய் அழுதார். பீட்ரூட் கையால் கண்ணைத் துடைக்கத் துடைக்க முகமெல்லாம் சிவந்தது. லாக் ஷீட்டை அக்காவிடம் நீட்டி எழுதச் சொன்னார். 'உப்பு இல்லை' என்று அவர் கடைசிக் கட்டத்தில் எழுதினார். பாய் அதை வாங்கி ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். பிறகு ஸ்டூலை விட்டு எழுந்தார். "தனசேகரு, ரீடிங் மாறிடுச்சிடா" என்று கூப்பிட்டுக்கொண்டே, கட்டின லுங்கியோடு, செருப்புகூடப் போடாமல் மாடிப்படி ஏறினார். அங்கிருந்து இறங்கி அடுத்த வீட்டுக்கு ஓடினார், அதற்கடுத்த வீட்டுக்கும் ஓடினார். குரல் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

இப்போது அவர் ரிட்டயராகி குறிஞ்சிப்பாடியில் சொந்த வீட்டில் இருக்கிறார். சபியா அக்கா உப்பு சரியில்லை என்று வாரத்துக்கு இரண்டு முறையாவது குறை சொல்வதாகப் பெருமையாக போனில் சொல்வார். என் நினைவில் இருப்பதென்னவோ அந்த ஞாயிற்றுக்கிழமை பாய்தான். மகளின் நிக்காஹுக்கே இடத்தை விட்டு வராதவர், அன்றைக்கு எரிகிற அடுப்பை அப்படியே போட்டுவிட்டு, ரிலீவர் வராமல் ஓடிவிட்டார்.

தேக்சா கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா நான்காவது துண்டை எடுத்துக்கொண்டிருந்தார். நான் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். எட்டாவது பேட்ச்சின் லாக் ஷீட்டை எடுத்து, இந்த முறை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பாய் பிளாக் முழுக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை நான் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.