பதிமூணு பவுன் மூடி

பவுன் கூடக் கூட மதிப்பும் கூடும் என்று நான் மனசார நம்பியிருந்தேன். கழுத்துச் சங்கிலிக்கு அது சரி. காரின் ரேடியேட்டர் மூடிக்கும் அதே கணக்குத்தான் என்று நம்பிய ஒரே ஆள், அருப்புக்கோட்டை வட்டாரத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.

என்னிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருக்கிறது. (வீட்டுக்காரி அதை 'உங்க மூத்த தாரம்' என்பாள்.) அதன் ரேடியேட்டர் மூடியில் ரப்பர் நைந்து தண்ணீர் கசிந்தது. புது மூடி வாங்கப் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். உள்ளே ஏறும் அழுத்தத்தை மூடி எதுவரை விடாமல் பிடித்து வைக்கும் என்பதைப் பவுண்டில் சொல்வார்கள். எங்கள் ஊர் வாயில் அது பவுனு.

"எத்தன பவுனுண்ணே வேணும்?" என்றார் கடைக்காரர்.

பழைய மூடியைத் துடைத்துப் பார்த்தேன். தலையில் 4 என்று பொறித்திருந்தது. எனக்கு முன்னால் இந்தக் காரை வைத்திருந்தவர் கஞ்சப்பயல் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"இருக்கதுலயே பெருசு?"

"பதிமூணு இருக்கு. எந்த வண்டிக்கு?"

"நம்ம வண்டிக்குத்தான்" என்றேன், பெருமையாக. அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

மறுநாள் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. திருச்சுழிக்கு அந்தப் பக்கம் குலசாமி கோயிலில். தாய்மாமன் நான், என் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது. அதற்குள் நான் போய்ச் சேராவிட்டால் பிள்ளை வேறு யார் மடிக்கோ போய்விடும். தங்கச்சி தன் மாமியார் முன்னால் ஆயுசுக்கும் தலை நிமிர முடியாது. பஸ்ஸிலேயே போய்விடலாம் என்றாள் வீட்டுக்காரி. தாய்மாமன் சீர்த்தட்டோடு பஸ்ஸில் இறங்குவதா? காரை எடுத்தேன்.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனது. பிறகு முன்கண்ணாடியில் ஒரு துளி விழுந்தது. இன்னொன்று. வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை.

"ஏங்க, மழை தூறுதா?"

"ஆமா" என்றேன். (திருச்சுழி ரோட்டில், சித்திரை மாதத்தில்.) பொய்க்குப் பலம் சேர்க்க வைப்பரையும் போட்டேன். துளி வெதுவெதுப்பாகக் கண்ணாடியில் ஆவி கட்டியது. சூட்டைக் காட்டும் முள் நடுவைத் தாண்டி மேலே நகர்ந்துகொண்டிருந்தது. நிறுத்தினால் நேரம் போய்விடும். நிறுத்தாவிட்டால் வண்டி போய்விடும். பதிமூணு பவுன் இருக்கையில் என்ன பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஸ்டியரிங் வியர்வையில் வழுக்கியது. ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலங்காடு. தண்ணீர் இருக்க வேண்டிய கண்மாயில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

தங்கச்சி போன் போட்டாள். குரலே சரியில்லை. "அண்ணே, எங்க வாரே? ஆசாரி ஊசியக் கையில எடுத்துட்டாரு. எங்க மாமியா வேற ஆளத் தேடுறாக."

"இந்தா, கோயில் கோபுரம் தெரியுது" என்றேன். எனக்குத் தெரிந்தது முள் மட்டும்தான். அது சிவப்புக் கோட்டில் நின்றது.

போனை வைத்த கையோடு பானெட்டுக்குள் ஏதோ வெடித்தது. வெள்ளை ஆவி எழும்பி ரோடே மறைந்துபோனது. வண்டியை எப்படி ஓரம் கட்டினேன் என்று தெரியவில்லை. சீர்த்தட்டை அள்ளிக்கொண்டு இறங்கி, கருவேல முள்ளில் வேட்டி மாட்டி, அது கிழிந்து, நான் திரும்பிப் பார்க்கையில் வீட்டுக்காரி ரோட்டின் நடுவில் நின்று டவுன் பஸ்ஸை மறித்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸுக்குள் பழத்தட்டு ஒருத்தர் மடியில், பூத்தட்டு இன்னொருத்தர் தலைக்கு மேல். கண்டக்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, டிரைவரிடம் போய் ஏதோ சொன்னார். அதற்கப்புறம் அந்த பஸ் போன வேகத்தில் என் மூத்த தாரம் ஒருநாளும் போனதில்லை. கோயில் வாசலிலேயே நிறுத்தினார்கள். நான் ஓடினேன். பத்தரைக்குச் சற்று முன்னால், புழுதி படிந்த முகத்தோடும் கிழிந்த வேட்டியோடும் உட்கார்ந்து மடியை விரித்தேன். ஊசி கிட்ட வருமுன்பே, என் மூஞ்சியைப் பார்த்துப் பிள்ளை வீறிட்டது. தங்கச்சி பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காது குத்தி முடிந்ததும் மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்: "மச்சான், காரு?"

நான் வாயைத் திறக்குமுன் வீட்டுக்காரி முந்திக்கொண்டாள். "அத ஏன் கேக்குறீக அண்ணே. இவுக காருக்குப் பதிமூணு பவுன் போட்டாக. அது தாங்கல."

தங்கச்சியின் மாமியார் சீர்த்தட்டிலிருந்த கம்மலைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்ப்பதுபோல் பார்த்தார். "காருக்குப் பதிமூணு. எம் பேத்திக்கு அரைப் பவுனா?"

கோயிலே சிரித்தது. அந்த மருமகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். சொந்தத்தில் எத்தனை மாமன்கள் இருந்தாலும், 'பதிமூணு பவுன் மாமா' என்று அவள் கூப்பிட்டால் திரும்ப வேண்டியது நான் ஒருத்தன்தான்.

அன்று சாயங்காலம் மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்தார். நாலு பவுன் அழுத்தத்துக்கே பழகிய மேல் ஹோஸ் பைப் நீளவாக்கில் கிழிந்திருந்தது. ரேடியேட்டரின் மேல்தொட்டி பற்றவைத்த இடத்தில் பிளந்திருந்தது. மூடிக்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லை.