பூனைக்கு நயமான டின்

குற்றாலத்தில் குரங்குக்கு அடுத்தபடி அதிகம் காணப்படும் ஜீவன் எது என்று கேட்டால், 'விசாரித்து வாங்குகிறவர்' என்பேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள். புதுக்குடையோடு வருகிற உங்களை வழிமறித்து, குடையை வாங்கி, விரித்து, மடக்கி, கம்பியை எண்ணி, துணியை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்து, விலை கேட்டு, நீங்கள் எந்த விலை சொன்னாலும் உங்களுக்காக இரக்கப்பட்டு ஒரு 'ச்சு' கொட்டுவாரே, அவர்தான். அவரிடம் குடை உண்டா? கிடையாது. மூன்று வருஷமாக விசாரித்துக்கொண்டிருக்கிறார், சாரலில் நனைந்தபடியே.

நாறும்பூநாத பிள்ளை இந்த இனத்தில் அசல் வித்து. "மலிவாவும் இருக்கணும், நயமாவும் இருக்கணும்" என்பது அவருடைய காயத்திரி. வெண்டைக்காயை நுனி ஒடிக்காமல், தேங்காயைச் சுண்டிப் பார்க்காமல், புளியங்குடி எலுமிச்சையை நகத்தால் கீறி மோந்து பார்க்காமல் அவர் வீட்டுக்குள் எதுவும் வந்ததில்லை. எல்லாம் சரி. ஆனால், முட்டை என்ற சொல்லைக்கூட மெதுவாகச் சொல்கிற சைவக் குடும்பத்துக்காரர், ஒரு பூனைக்கு டின் மீன் பார்த்து வாங்க வேண்டி வந்தால்?

ஐம்பத்தைந்தாம் வருஷத்துச் சீசனில் அதுதான் நடந்தது. அவர் வீட்டை ஒட்டியே அவருக்கு இன்னொரு வீடு. சீசன் மூன்று மாதத்துக்கு மதராஸ் டாக்டரம்மா ஒருவர் அதை வாடகைக்கு எடுப்பார். அந்த வாடகைதான் பிள்ளைக்கு வருஷச் சாப்பாடு. அந்த அம்மாள் ஒரு கல்யாணத்துக்காகப் பத்து நாள் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. பூனையை இவரிடம் விட்டார்.

"ராணிக்கு முள் மீன் ஆகாது, தொண்டையில் சிக்கிவிடும். டின் மீன்தான். ஒரு டின் மிச்சம் இருக்கிறது. அதற்கப்புறம் நல்லதாகப் பார்த்து வாங்கிப் போடுங்கள். இவள் இளைக்காமல் இருந்தால் அடுத்த வருஷமும் உங்கள் வீடுதான்."

'நல்லதாகப் பார்த்து.' இந்த மனிதரிடம் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது இதுதான். அம்மாள் சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டார்.

மறுநாள் காலை பிள்ளை தென்காசியில் சேக் தாவூது கடையில் நின்றார். தாவூது ஒரு மலையாளத்து டின்னை எடுத்து வைத்தார். சாளை மீன், பன்னிரண்டு அணா. பிள்ளை அதைக் காதோரம் வைத்து ஆட்டினார்.

"தண்ணி ஆடுதே."

"தண்ணி இல்ல அண்ணாச்சி, எண்ணெய்."

"நல்லெண்ணெயா?"

"பூனை அதெல்லாம் கேக்காது."

"பிஞ்சா, முத்தலா?"

"அண்ணாச்சி, இது கத்திரிக்கா இல்ல. எம் மச்சான் வீட்டுப் பூனை இதத்தான் திங்குது. தைரியமா கொண்டு போங்க."

"அவசரப்படாதீரும்" என்று சொல்லிவிட்டு, பிள்ளை செங்கோட்டைக்குப் போனார். அங்கே அதே டின் இரண்டணா கூடுதல். புனலூருக்குப் போனார். அங்கே ஓரணா குறைவு. ரயில் கூலியா? அது விசாரணைச் செலவு. அதை யாராவது சரக்கின் விலையில் சேர்ப்பார்களா?

விலை தெரிந்துவிட்டது. ருசி? அதற்கு ஓய்வுபெற்ற ஏட்டு சங்கரபாண்டி அகப்பட்டார். டாக்டரம்மா விட்டுப்போன அந்த ஒரே டின்னை, மற்றதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமே என்று, பிள்ளையே மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு நீட்டினார். ஏட்டு அதை மாட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்து கடைசித் துண்டுவரை தின்றார். பூனை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்படிவே இருக்கு?"

"உப்பு கொஞ்சம் தூக்கல், பிள்ளைவாள். இன்னொண்ணு தின்னாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும்."

அன்றைக்குப் பூனை பட்டினி. மறுநாளும் பட்டினி. தயிர்ச்சோற்றை மோந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. பிள்ளையின் மனைவி ஆவுடையம்மாளுக்கு அது பொறுக்கவில்லை.

"வயிறு ஒட்டிக் கிடக்குங்க. செத்துச்சுன்னா பாவம் நமக்குல்லா."

"நயம் தெரியாம வாங்கிப் போட்டு அது செத்தா, அது மட்டும் யார் பாவம்?"

கொல்லைச் சுவருக்கு அந்தப்பக்கம் சுகிர்தம் டீச்சர் வீடு. ஆவுடையம்மாள் சுவர் வழியாக டீச்சரிடம் காசைக் கொடுத்தாள். டீச்சர் தாவூது கடைக்குப் போனாள், எடுத்து வைத்ததை வாங்கினாள், வந்தாள். மொத்தம் முக்கால் மணி நேரம். அன்று முதல் ராணி காலையும் மாலையும் சுவர் ஏறிப் போய், வயிறு நிறையத் தின்றுவிட்டு வந்து, பிள்ளையின் தொழுவத்தில் தூங்கியது. அவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் பிள்ளை முடிவுக்கு வந்தார். தாவூது முதலில் காட்டிய அதே டின். ஒன்றே ஒன்று, அதுவும் பரீட்சைக்கு. ஏட்டு அரிவாள் நுனியால் கீறித் திறந்தார். அப்போதுதான் டீச்சர் வீட்டுச் சாப்பாட்டை முடித்துவந்த ராணி அதை மோந்து பார்த்தது. கொட்டாவி விட்டது. போய்ப் படுத்துக்கொண்டது.

"பாத்தீரா ஏட்டையா? சரக்குல கோளாறு. வாயில்லா ஜீவனுக்குத் தெரியுது, தாவூதுக்குத் தெரியல."

அந்த டின்னும் ஏட்டுக்கே போயிற்று. பிள்ளை கொல்லத்து மொத்த வியாபாரி ஒருவருக்குக் கார்டு எழுதினார்.

பத்தாம் நாள் டாக்டரம்மா வந்து இறங்கினார். ராணி இரண்டு சுற்றுப் பெருத்திருந்தது. அம்மாளுக்கு ஆனந்தம்.

"எந்த டின் போட்டீர்கள்?"

"இன்னும் முடிவு பண்ணலம்மா. கொல்லத்துலேர்ந்து பதில் வரணும்."

அம்மாள் விழித்தார். அதற்குள் சாப்பாட்டு வேளை வந்துவிடவே, ராணி அவர் மடியிலிருந்து குதித்துச் சுவர் ஏறியது. அம்மாள் தெருவைச் சுற்றிக்கொண்டு பின்னாலேயே போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, சங்கடத்தோடு சொன்னார்:

"அடுத்த வருஷத்துக்கு டீச்சர் வீட்டுப் பின்கட்டைப் பேசிவிட்டேன். ராணி அங்கிருந்து வரமாட்டேன் என்கிறாள். நான் என்ன செய்ய?"

பிள்ளையின் வருஷச் சாப்பாடு சுவர் தாண்டிப் போய்விட்டது. கதவுக்குப் பின்னால் ஆவுடையம்மாள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். பிள்ளை எழுந்து கொல்லைக்குப் போய்ச் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"டீச்சர், என்ன வாடகைக்குப் பேசினீங்க?"

டீச்சர் சொன்னாள்.

"விசாரிக்காம ஒத்துக்கிட்டீங்களே, டீச்சர்."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்காமல், வாங்கலாமா வேண்டாமா என்று கடையில் நின்றபடியே இந்த வரிவரை வந்துவிட்டீர்கள் என்றால், கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். கடைக்காரர் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.