கொலை நடந்தது திரைக்கு வெளியே

"எல, மோசம் போயிட்டோம்! சென்னையிலேர்ந்து சினிமாக்காரரு வரலியாம். நம்ம பிரசன்னா சாருதான் ஜட்ஜாம்!"

கேன்டீன் வாசலில் மூச்சிரைக்க நின்றான் மணிகண்டபிரபு. ஹேமந்தின் வாய்க்குப் போன சமோசா பாதி வழியில் நின்றது.

"அவரு லீவுடா. மச்சானுக்குக் கல்யாணம், கோயம்புத்தூரு போறேன்னாரே!"

"எல்லாத்தையும் கேன்சல் பண்ணிட்டு வந்துட்டாவ. முன்னாடி சேரு போட்டு உக்கார வச்சாச்சு."

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் அந்தக் கம்பெனியில் அன்று குடும்ப விழா. குறும்படப் போட்டிக்கு முதல் பரிசு, ஒரு வருஷம் ஜெனரல் ஷிஃப்ட், அதாவது பகல் வேலை. மற்றவர்களுக்கு அது பரிசு. ஹேமந்துக்கு அது தாம்பத்தியம். கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. மனைவி மெர்சிக்கு அதே கம்பெனியில் குவாலிட்டிப் பிரிவில் பகல் வேலை. இவனுக்கு ஓயாத நைட். சிங்கப்பெருமாள் கோவிலில் இவன் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்க, அவள் ஏறுவாள். வீட்டுச் சாவி கைமாறும். அன்றைய குடும்ப வாழ்க்கை இனிதே முடிந்தது.

அந்த நைட்டை ஓயாமல் போட்டுக்கொண்டிருந்தவர் ஷிஃப்ட் மேனேஜர் பிரசன்னா. அந்த ஆத்திரத்தில் ஹேமந்த் எடுத்த க்ரைம் படத்தில் கொலைகாரனும் ஒரு ஷிஃப்ட் மேனேஜர்தான். பிரசன்னாவைப் போலவே மெரூன் சட்டை போடுவான். அவரைப் போலவே ஐடி கார்டு கயிற்றை விரலில் சுழற்றுவான். அந்தக் கயிற்றால் தொழிலாளியின் கழுத்தை நெரித்துவிட்டு, மாட்டிக்கொள்ளும்போது "நாம எல்லாம் ஒரே ஃபேமிலி" என்று அவர் குரலிலேயே சொல்வான். அவன் முகமும் சட்டையும் தெரிவது இரண்டே இடத்தில்: கொலை நடக்கும்போதும், கடைசியில் மாட்டிக்கொள்ளும்போதும்.

வெளியூர் ஜட்ஜுக்குப் பிரசன்னாவைத் தெரியாது; பிரசன்னா லீவு முடிந்து வருவதற்குள் ஷிஃப்ட் மாறிவிடும். இதுதான் ஹேமந்தின் கணக்கு.

ஓடினான். புரொஜெக்டர் பக்கத்தில் லேப்டாப்போடு விழாப் பொறுப்பாளர் இசைவாணி உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், என் படத்த எடுத்துடுங்க. நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

"அதெப்படி? முந்தாநேத்தே ஷிஃப்ட் ஆபீஸ்ல வாங்கி, ஓட்டிப் பாத்து, வைரஸ் பாத்து, எல்லாத்தையும் ஏத்தியாச்சு."

"இன்னா படம் அது?" என்று பின்னாலிருந்து கேட்டது பிளான்ட் ஹெட்டின் குரல்.

"க்ரைம், சார்."

"க்ரைமா! அப்ப அதையே முதல்ல போடும்மா!"

கடைசியில் வரவேண்டிய படம் முதலுக்கு வந்தது.

கொலைகாரனாக நடித்த பகலவனைப் பிடித்தான் ஹேமந்த். "டேய், நீ போயி பிரசன்னா சார வெளிய இட்டுகினு போயிடு. லீவு, ஓ.டி., இன்னாத்தனா பேசிகினே இரு."

பகலவன் போனான். போனவன் பிரசன்னாவின் கை தன் தோள்மேல் கிடக்க, திரும்பி வந்தான். அவன் உடம்பில் படத்தில் போட்ட அதே மெரூன் சட்டை. அவர் உடம்பிலும் மெரூன்.

"தம்பி பிரமாதமா நடிப்பானாமே! என் பக்கத்துலயே உக்காரட்டும்" என்றார் பிரசன்னா, கயிற்றைச் சுழற்றியபடி.

ஹேமந்த் பக்கத்தில் வந்து நின்ற மெர்சி தலையில் கைவைத்துக்கொண்டாள். "யோவ், ஜவுளிக்கடை வாசல்ல நிக்கற பொம்மைங்க மாதிரி ரெண்டு பேரும் ஜோடியா கீறாங்க. ஜெனரல் ஷிஃப்ட்டு போனா போவுது, கீற வேலையாவது மிஞ்சுமா?"

"இரு, இரு, ஒண்ணு தோணுது!"

புரொஜெக்டருக்குப் போகும் வெள்ளை ஒயர் சாப்பாடு போடும் மேடைக்குப் பின்னால்தான் ஓடியது. பக்கத்திலேயே மெயின் சுவிட்ச். அது கேன்டீன் கிளியம்மாளின் ராஜ்ஜியம்.

"கிளியக்கா, படத்துல எவனாவது கத்தினா அந்த ஒயரப் புடுங்கிடு. சத்தம் அடங்கினதும் சொருகு. கடைசியில போலீஸு 'கொலைகாரன் யாருன்னா'ன்னு ஆரம்பிப்பான். ஒடனே மெயினையே அணைச்சிடு."

"எடுத்தவனே புடுங்கச் சொல்றியே, அப்பறம் இன்னாத்துக்குடா எடுத்த?"

"யக்கா, உன் கால்ல வுழறேன்!"

"சரி, போ. சாம்பார் அண்டாவ எறக்கிட்டு வரேன்."

விளக்குகள் அணைந்தன. படம் ஓடியது. தொழிலாளி தனியாக நடந்து வந்தான். பின்னால் ஒரு நிழல் வந்தது. கயிறு சுழன்றது. ஹேமந்த் மெர்சியின் கையை இறுக்கினான். திரையில் அலறல் கிளம்பியது...

திரை கறுத்தது!

அலறல் மட்டும் கேட்டது. நாற்காலி விழுந்தது. யாரோ எதையோ தரதரவென்று இழுத்தார்கள். கேன்டீனில் ஒரு குழந்தை வீரிட்டது. பிறகு வெளிச்சம் வந்தபோது தரையில் பிணம் மட்டும் கிடந்தது.

"யப்பா, செமடா!" என்று யாரோ கத்தினார்கள்.

போலீஸாக மணிகண்டபிரபு வந்தான், விசாரித்தான், தொப்பியைச் சரிசெய்தான். "கொலைகாரன் யாருன்னா..."

மொத்தமும் இருண்டது. மின்விசிறிகூட நின்றது. அடுத்த கணம் கேன்டீனே எழுந்து நின்றது.

"பொண்டாட்டிதான் கொன்னா!"

"போடாங்க, செத்தவனோட தம்பி!"

"அந்தப் போலீஸு மூஞ்சப் பாத்தியா? அவனேதான்!"

விளக்கு வந்தது. வேர்த்து விறுவிறுத்து, கைதட்டிக்கொண்டே பின்பக்கத்திலிருந்து ஓடிவந்து மைக்கைப் பிடித்தார் பிரசன்னா. "கொலையக் காட்டல பாத்தீங்களா? கண்ணால பாத்தா அது ஒரு கொலை. காதால கேட்டா ஆளுக்கு ஒரு கொலை! டைரக்டர், மேடைக்கு வாங்க!"

ஹேமந்த் ஏறினான்.

"ஏம்ப்பா, பொசுக்குனு முடிச்சிட்ட?" என்றார் பிளான்ட் ஹெட்.

"சார்... நாம முடிச்சா அது கதை. பாக்கறவங்க வூட்டுக்குத் தூக்கினு போயி முடிச்சா, அதான் சார் சினிமா!"

"புரியல, ஆனா பிரமாதம்!"

"ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" என்றது கூட்டம்.

ஹேமந்த் வாயைத் திறக்குமுன் பிரசன்னா பாய்ந்தார். "கூடவே கூடாது! இத ரெண்டாவது தரம் பாத்தா கலைக்கே துரோகம். பென்டிரைவ் என்கிட்டயே பத்திரமா இருக்கும். முதல் பரிசு, ஹேமந்த்! திங்கக்கிழமையிலேர்ந்து ஜெனரல் ஷிஃப்ட்!"

மெர்சி அத்தனை பேர் முன்னாலும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மணிகண்டபிரபு விசிலடித்தான். மூவருமாகச் சாப்பாட்டு மேடைக்குப் பின்னால் கிளியம்மாளிடம் ஓடினார்கள்.

"யக்கா, தெய்வம் நீ! கரெக்டா புடுங்கினியே! உனக்குப் பட்டுப் புடவையே எடுத்துத் தரேன்!"

கிளியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் எங்கடா புடுங்கினேன்? அண்டாவ எறக்கிட்டு வந்து பாத்தா, ஒங்க பிரசன்னா சாருதான் இருட்டுல ஒயரப் புடுங்கிகினு நின்னாரு. கடைசியில மெயின அணைச்சதும் அவருதான். 'யாராண்டயும் சொல்லாத கிளியம்மா, நாம எல்லாம் ஒரே ஃபேமிலி'ன்னாரு!"